கறுப்புச் சேவல் ஒயினை எப்படி ரசிப்பது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களில் வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒரு பாட்டில் ஒயின் வாங்கி வருகிறவர்கள் உண்டு. ஆளுக்கு 2 லிட்டர் வரை தீர்வை கிடையாது. அப்படி கவரைப்பேட்டைக்கு வந்து சேரும் பாட்டில்களில் ஒன்று, கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை குத்திய இத்தாலிச் சிவப்பு ஒயின்: கியாந்தி கிளாசிக்கோ. முதல் வாய் குடித்ததும் பலரும் முகம் சுளிப்பார்கள். ‘என்னங்க, இப்படித் துவர்க்குது?’ என்று குளிர்பானத்தை ஊற்றிக் கலந்துவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் துவர்ப்புக்காகத்தான் அந்த ஒயினே.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்துச் சாப்பிட்டு வந்தவர்கள் நாம். நாவல், நெல்லி, கொடுக்காப்புளி, வாழைப்பூ, கொட்டைப் பாக்கு எல்லாம் நம் வாய்க்குப் பழக்கம். சிவப்பு ஒயினை ரசிக்க இந்த நாக்கே போதும்.

ஒரு சின்னப் பயிற்சி. டீத்தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்தாற்போல் வறண்டு போகும். டானின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி அது. இப்போது வேகவைத்த ஆட்டுக்கறித் துண்டு ஒன்றை, இல்லையென்றால் பனீரை, மென்றுவிட்டு மறுபடி அதே டீயைக் குடியுங்கள். டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிட்டது. வாய் அவ்வளவாக வறளாது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருப்பது அதே வகைப் பொருள். கியாந்தியைக் கறியோடு குடிக்கச் சொல்வதன் காரணம் இப்போது உங்கள் வாய்க்கே தெரியும்.

ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவிலுள்ள குன்றுகளில் விளைவது இந்த ஒயின். அந்தப் பகுதிக்கு 1716-லேயே எல்லை வகுத்து ஆணையிட்டவர் தஸ்கனி ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ. இன்றைய விதிப்படி குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே என்ற திராட்சை இருக்க வேண்டும். புளிப்பும் துவர்ப்பும் ஒருசேர மிகுந்த ரகம் அது.

அங்கே பன்சானோ என்ற ஊரில் ஃபொந்தோதி என்று ஒரு தோட்டம் இருக்கிறது. 1968 முதல் மனெத்தி குடும்பத்தின் கையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஓடுகளும் சுடுமண் பொருள்களும் செய்து வந்த குடும்பம்; இன்றும் ஒரு ஒயினைச் சுடுமண் தாழிகளில்தான் நொதிக்க வைக்கிறார்கள். செங்கல் சூளைகளைப் பார்த்து வளர்ந்த திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். தோட்டம் இருப்பது தெற்குப் பார்த்த ஒரு குன்றுச் சரிவில். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு தங்கும். நம் பக்கத்து மே மாத இரவில் அந்தப் புளிப்பு நிற்காது.

தோட்டத்தில் கியானினா என்ற வெள்ளை மாடுகளை வளர்க்கிறார்கள். அவற்றின் சாணம்தான் மட்கி உரமாகிறது. பன்சானோவில் இப்படி இயற்கை முறையில் பயிர் செய்கிறவர்கள் பலர். கொடி வரிசைகளுக்கு இடையில் பயறு வகைகளை விதைத்து மண்ணுக்கே கொடுத்துவிடும் வழக்கமும் இயற்கைத் தோட்டங்களில் உண்டு. பொன்னேரிப் பக்கம் நெல் நடுவதற்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இயற்கை ஒயின் என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைத்துவிட வேண்டாம். பூஞ்சைக்குத் தாமிரமும் கந்தகமும் அடிக்கிறார்கள். தாமிரத்துக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் வரம்பு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ. ஒயினில் சேர்க்கும் சல்ஃபைட்டுக்கும் வரம்பு உண்டு: இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், இயற்கை ஒயினில் 100-க்கு மேல் கூடாது. லேபிளில் பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை இருந்தால் இந்த விதிகளுக்கு உட்பட்டது என்று அர்த்தம். அந்த இலை நாக்கில் தெரியுமா? நேரடியாகத் தெரியாது என்பதுதான் என் கருத்து. மண்ணுக்கும் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் உடம்புக்கும் செய்த நல்லதற்கு அது அத்தாட்சி, அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். சுவைக்கு மட்டும் சலுகை மதிப்பெண் தராதீர்கள்.

இனி பாட்டிலைத் திறக்கலாம், வயது 21 ஆகியிருந்தால். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்பார்கள். அது குளிர்நாட்டு அறை. நம் ஊர் அறையில் 33 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரிதான் சரி. சாயங்காலமே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, குடிக்க அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். ரொம்பச் சில்லென்று குடித்தால் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பரணில் வைத்து ஒரு கோடையைக் கழித்த பாட்டிலை எந்த ஃப்ரிட்ஜாலும் காப்பாற்ற முடியாது.

வாய் குறுகிய கண்ணாடி கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். சாஞ்சொவேசே கன்னங்கரேல் என்று இருக்காது; அடியில் வைத்த விரல் மங்கலாகத் தெரியும், ஓரத்தில் வயதுக்கேற்பச் செங்கல் நிறம் ஏறும். சுழற்றி முகருங்கள். புத்தகங்களில் செர்ரி என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் செர்ரியைத் தேடிக் களைக்க வேண்டாம். பழுத்த களாக்காய், மாதுளை, தக்காளிச் செடியைக் கிள்ளினால் வரும் பச்சை வாசம், காய்ந்த இலை என்று உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைத் தேடுங்கள்.

குடிக்கும்போது உடனே விழுங்காமல் ஈறு வரை பரவவிடுங்கள். முதலில் புளிப்பு வரும், நாக்கின் ஓரங்களில் நீர் ஊறும். பிறகு துவர்ப்பு வந்து அந்த நீரை இழுக்கும். ஊறுவதும் வறள்வதும் மாறி மாறி நடக்கிற அந்தச் சில விநாடிகளைக் கவனியுங்கள். நல்ல கியாந்தியில் அந்த வறட்சி சன்னமாக, மாவு போல் இருக்கும். மட்டமானதில் சொரசொரவென்று பிறாண்டும். விலை உயர்ந்ததை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இதுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் நம் பகுதிச் சமையலில் காரம் தூக்கல். மிளகாயும் ஒயினும் சேர்ந்தால் வாய் எரியும், மணம் ஒன்றும் தெரியாது. மிளகாயைக் குறைத்து, தக்காளியும் வெங்காயமும் தாராளமாகப் போட்ட கொழுப்புள்ள ஆட்டுக்கறிச் சுக்கா பிரமாதமாகப் பொருந்தும். தக்காளியின் புளிப்புக்கு ஈடு கொடுக்கும் ஒயின் இது. சைவர்களுக்குக் காளான் வறுவல், பனீர். பழவேற்காட்டு மீனை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; மீனின் எண்ணெயோடு சிவப்பு ஒயின் சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும்.

13, 14 சதவீத ஆல்கஹால் உள்ள பாட்டிலை ஒரே ராத்திரியில் காலி செய்ய வேண்டியதில்லை. பாதியை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளம் கியாந்தி பெரும்பாலும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்: காற்றுப் பட்டு முரட்டுத்தனம் தணிந்து, முதல் நாள் ஒளிந்திருந்த பூ வாசம் மேலே வரும். மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். அப்படியும் மீந்தால் கறி வேகும் சட்டியில் ஊற்றிவிடலாம்.