உப்புக்காற்றுக்கு ஏற்ற சில்லு

கிண்ணியாப் பாலத்தில் மிதித்துப் போனால் சில்லின் தரம் உடனே தெரியும். 2009இல் திறக்கப்பட்ட இந்த 396 மீற்றர் பாலத்தில் கடற்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதிலுள்ள உப்பு இரும்பு ரிம்மின் குரோம் பூச்சை மெல்ல மெல்ல உரிக்கும்.

ரேஸ் சைக்கிளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் சில்லு மாற்றுவோருக்கு என் தெரிவு இது: இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 32, பித்தளை நிப்பிள். உயரமான காபன் ரிம் வேண்டாம். பக்கக்காற்றில் கைப்பிடியை இழுக்கும். அலுமினியம் எடை குறைவு என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிது மாரிகாலம்: நனைந்த குரோமில் வழுக்கும் பிரேக் கட்டை அலுமினியத்தில் பிடித்து நிற்கும். அலுமினிய நிப்பிள் சில கிராம் மிச்சம் தரும், ஆனால் உப்பில் அரித்துக் கம்பியோடு இறுகிவிடும்.

பிறகு, கம்பி இறுக்கும் கை. நல்ல திருத்துநர் சில்லைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தபடி நிப்பிளைக் கால் சுற்றாகத் திருப்புவார். கம்பிகளை விரலால் சுண்டி, ஓசை ஒத்துவருகிறதா என்று கேட்பார். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற அந்தக் கவனத்தை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பழைய 28 அங்குல வண்டிக்கு 700சி சில்லு போடுவோர் அளந்து பார்க்க வேண்டும். பழைய ரிம் 635 மில்லிமீற்றர், புதியது 622. பிரேக் கட்டை ஆறரை மில்லிமீற்றர் அச்சுப் பக்கம் இறங்க இடமிருக்க வேண்டும்.

மிஞ்சும் காசு டயருக்கு. கவையில் இடமிருந்தால் 28 மில்லிமீற்றர் அகலம் வாங்குங்கள்.