திரையில் ஏறிய எழுத்து

மேரியான் வுல்ஃப் என்ற அமெரிக்க அம்மாள், வாசிப்பு என்கிற காரியம் மூளைக்குள் எப்படி நடக்கிறது என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். 2018-ல் அவர் வெளியிட்ட ‘ரீடர், கம் ஹோம்’ என்ற புஸ்தகம் வாசகருக்கு எழுதிய ஒன்பது கடிதங்களாக அமைந்திருக்கிறது. ஆராய்ச்சியைக் கடிதமாக எழுதுவது ஆபத்தான வேலை. உபதேச வாடை எளிதில் வந்துவிடும். இவருக்கும் இரண்டோர் இடங்களில் வந்துதான் இருக்கிறது.

ஆனால் ஒரு பகுதிக்காக அதையெல்லாம் மன்னித்துவிடலாம். இளமையில் தம்மை ஆட்கொண்ட ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘கண்ணாடி மணி விளையாட்டு’ நாவலை மறுபடி எடுத்திருக்கிறார். ஓடவில்லை. வாக்கியங்கள் கனக்கின்றன. நாள் முழுதும் திரையில் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிய பழக்கம் நாவலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு தினம் இருபது நிமிஷம் என்று மருந்து சாப்பிடுவதுபோல் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் பழைய நிதானத்தைப் பிடித்திருக்கிறார். வாசிப்பை ஆராய்கிறவருக்கே இந்தக் கதி! நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

சரி, வாத்தியார் என்ன செய்வது? இரண்டு பாஷை பேசும் வீட்டுக் குழந்தையைப் போல, காகித வாசிப்பையும் திரை வாசிப்பையும் தனித்தனியே பழக்க வேண்டும், காகிதத்தில் நிதானம் ஊறிய பிறகு அதைத் திரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்கிறார் வுல்ஃப். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், இரண்டாவது பீரியடில், எதை எப்படித் தொடங்குவது என்கிற இடத்தில் புஸ்தகம் நழுவிவிடுகிறது.

அதே 2018-ல் டெல்கடோ முதலியோர் 54 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் கட்டுரைகள் காகிதத்தில்தான் நன்றாக விளங்கியிருக்கின்றன; நேரக் கெடு வைத்தபோது வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் வித்தியாசம் தென்படவில்லை. கதைக்காரனுக்கு ஆறுதல்! ஆகவே வாத்தியார் கவலைப்பட வேண்டியது சரித்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும்தான். திரையில் படிக்கிற பையன் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். அவசரப்படுத்தாமல், ஒரு பக்கம் முடிந்ததும் திரையை மூடச் சொல்லி, நோட்டில் நாலு வரி எழுதச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வுல்ஃபோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. நிதானம் எல்லா இடத்திலும் நல்லதல்ல. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த வைன்பர்க், மெக்ரூ இருவரும் 2017-ல் எழுதிய ஆய்வில், சரித்திரப் பேராசிரியர்கள், மாணவர்கள், பத்திரிகைகளுக்குச் செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று வகையாரிடமும், பெயரில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு குழந்தை வைத்தியர் சங்கங்களின் இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். பேராசிரியர்கள் பலர் அந்தப் பக்கங்களையே மேலும் கீழும் ஊன்றிப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ உடனே வெளியேறி, இந்தச் சங்கம் யாருடையது என்று வேறு நாலு இடத்தில் விசாரித்து, சீக்கிரமே உண்மையைப் பிடித்துவிட்டார்கள். வீட்டில் பெண் கேட்டு வருகிறவனிடமே அவன் யோக்கியதையை விசாரிப்போமா?

எங்கே ஊன்றி நிற்பது, எங்கே எழுந்து போவது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவர் வாத்தியார்தான். இதை வுல்ஃப் தொட்டுக்கொண்டு போகிறாரே தவிர நின்று பேசவில்லை. ஒன்பதோடு இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம்.