12.30 மணிக்குப் பிறகு

மாண்டிசோரி பள்ளி தேடிப் போகும் பெற்றோரைக் காலை பத்து மணிவாக்கில்தான் வரச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். இருபத்தைந்து பிள்ளைகள் இருக்கும் அறையில் இரைச்சல் இல்லை. ஒருத்தி கூஜாவிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுகிறாள். ஒருவன் பாயை விரித்து பிங்க் டவர் கட்டைகளை அடுக்குகிறான், கலைக்கிறான், மறுபடி அடுக்குகிறான். தென்சென்னையில் ஒரு பள்ளியில் இதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே என் மகனுக்குப் பணம் கட்டினேன். மாலை ஐந்து மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு விட்டு மாலை ஆறு மணிக்கு அழைத்து வந்தால் பத்து மணி நேரம். அதில் மாண்டிசோரி 9 முதல் 12.30 வரை. மீதி ஆறரை மணி நேரத்துக்கு ‘டே கேர்’ என்று பெயர், அதற்குத் தனி ரசீது.

இந்தப் பிரிவினை மாண்டிசோரி முறையின் பிறப்பிலேயே கிடையாது. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புகளைச் சீரமைத்த ஒரு நிறுவனத்துக்கு அப்போது ஒரு தொல்லை இருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். நிறுவனத்தின் தலைவர் எடோவார்டோ தலாமோ, மரியா மாண்டிசோரியை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். சுவரைப் பழுதுபார்க்க ஆகும் செலவை இல்லத்துக்குத் திருப்பிவிடுவது அவர்கள் போட்ட கணக்கு. மாண்டிசோரியின் முதல் நூலில் உள்ள குளிர்கால அட்டவணை காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடிகிறது. சுத்தம் பார்ப்பது, பாடம், சாப்பாடு, விளையாட்டு, செடிகளையும் பிராணிகளையும் கவனிப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. பொறுப்பாசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடத்தில்தான் இந்தக் கல்விமுறையே பிறந்தது. 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கால்பட்ட ஊரிலேயே இன்று பல இடங்களில், முறை நண்பகலோடு முடிந்துவிடுகிறது.

இருந்தாலும் டே கேர் தரும் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளி ஓரிடம், காப்பகம் வேறிடம் என்றால் மூன்று வயதுப் பிள்ளை நடுப்பகல் வெயிலில் வேனில் ஏறி இறங்க வேண்டும், ஒரே நாளில் மூன்று கை மாற வேண்டும். இங்கே அந்த அலைச்சல் இல்லை. கழிப்பறை எங்கே என்று தெரியும், தண்ணீர்ப் பானை எங்கே என்று தெரியும், காலையில் பார்த்த அதே முகங்கள். தாத்தா பாட்டி ஊரில் இருக்க, கணவன் மனைவி இருவரும் ராஜீவ் காந்தி சாலை அலுவலகங்களுக்குப் போகிற குடும்பத்துக்கு இது சின்ன உதவி அல்ல. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்யப்பட்ட திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றது. ஆனால் காப்பகம் அலுவலகத்தை ஒட்டி இருந்தால், நெரிசல் நேரத்தில் பிள்ளையையும் அவ்வளவு தூரம் இழுத்துப் போக வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் பள்ளியின் நிழல் அதைவிட மேல். இதற்கான செலவை யார் ஏற்பது? தலாமோவின் நிறுவனமாவது பழுதுபார்ப்பில் மிச்சமான பணத்திலிருந்து இல்லத்துக்குச் செலவழித்தது. எங்களை ஆறு மணிவரை உட்கார வைக்கும் அலுவலகங்களும் டே கேர் கட்டணத்தில் ஒரு பங்கு ஏற்பதுதான் நியாயம்.

குறை எங்கே என்றால், 12.30 மணிக்கு ஒரு துணித்திரை விழுகிறது. என் மகன் படிக்கும் இடத்தில் உபகரண அலமாரிகளை நிஜமாகவே துணி போட்டு மூடுவார்கள். காலையில் “நீயே எடு, நீயே வை” என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை, மதியம் “தொடாதே” என்பதைக் கேட்கிறது. காலையில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தவன், மதியம் தூக்கம் வராவிட்டாலும் வரிசையில் படுத்துக் கண்ணை மூட வேண்டும். உபகரணம் தேய்ந்துவிடும், பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் தரக்கூடாது என்று நிர்வாகம் சொல்லும் காரணத்தில் நியாயம் உண்டு. அதற்காகப் பிள்ளையை மதிக்கும் விதத்தையுமா மூடிவைப்பது? தானாகச் செருப்பு மாட்டத் தெரிந்த பிள்ளைக்கு மதியம் யாரோ வந்து மாட்டிவிடுகிறார். காலையில் அவனுக்குக் கிடைத்த சுயமரியாதை அந்த நிமிடத்தில் பறிபோகிறது.

இதற்கு மாற்றாகச் சில இடங்களில் பிற்பகலை அபாகஸ், ஃபோனிக்ஸ், நடனம் என்று நிரப்பிவிடுகிறார்கள். பெற்றோருக்கும் அது பிடிக்கிறது. எனக்கு அது இன்னும் மோசமான தீர்வாகப் படுகிறது. பெரியவர்களுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று ஊர் போராடியிருக்கிறது. பத்து மணி நேரம் வெளியே இருக்கும் குழந்தைக்கு, சும்மா இருக்கவும் மூலையில் சுருண்டு கிடக்கவும் இடம் வேண்டும்.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கே போய்விட்டேன். பின்கட்டில் ஆயாம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஐந்து பிள்ளைகள். என் மகன் காம்பை ஒரு தட்டிலும் இலையை ஒரு தட்டிலும் போட்டபடி, நான் வந்ததையே கவனிக்காமல் உட்கார்ந்திருந்தான். காலை வகுப்பில் பயறு பிரித்துப் பழகும்போது வேண்டும் என்கிறார்களே, அதே ஒருமுகம். கூடவே ஒன்று அதிகம்: அந்தக் கீரை மறுநாள் அவன் தட்டுக்கு வரும். யாரும் அதைப் பாடத்திட்டத்தில் எழுதவில்லை. அந்த அம்மாவுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. காலை ஆசிரியைகளோடு ஒப்பிட்டால் சம்பளமும் மிகக் குறைவு. பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பவர் அவர். அவரைப் பணியாளர் கூட்டத்துக்குக்கூட அழைப்பதில்லை. இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதுதான். அவருக்குப் பயிற்சியும் கௌரவமான ஊதியமும் கொடுத்தாலே பிற்பகலில் பாதி சரியாகிவிடும்.

பள்ளி தொடங்கும் முன் உள்ள ஒரு மணி நேரம் இத்தனை சிக்கலானது அல்ல. பிள்ளைகள் குறைவு. பானையில் தண்ணீர் நிரப்புவது, பாய்களை அடுக்குவது, பூ வைப்பது என்று பள்ளியைத் தயார்செய்யும் வேலையே அவர்களுக்குப் போதும். டிவி போட்டு உட்கார வைத்தால் மட்டும் ஒன்பது மணிக்கு மேல் எதிலும் மனம் பதியாது.

மாலையின் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் உடனே மாற்ற வேண்டும். ஐந்து மணிக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, தலைசீவி, ஷூ மாட்டி, முதுகில் பையோடு கேட்டைப் பார்த்து உட்கார வைத்துவிடுகிறார்கள். பெற்றோர் வந்ததும் பிள்ளை தயாராக இருக்கும் என்பது இதன் நோக்கம். ஐந்தேகாலுக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்கு அது கால் மணி நேரம், நான் ஆறேகாலுக்கு வருவதால் என் பிள்ளைக்கு ஒன்றேகால் மணி நேரம். கேட் திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, தன்னை அழைக்க வந்தவர் இல்லை என்று பார்த்து உட்கார்வான். அந்த நேரத்தில் அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கட்டும், சேற்றுக் காலோடு இருக்கட்டும். நான் வந்த பிறகு அவனே காலைக் கழுவி ஷூ மாட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும், நான் நிற்கிறேன்.