குதிரை லாடத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி

டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்தக் குறியை முதல்முறை பார்க்கிறவர் அதை டயர் என்று வாசிப்பதில்லை. மேல்பக்கம் திறந்த ஒரு லாடம், அடியில் பற்கள், நடுவே ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வடிவம் இது என்று யாராவது சொன்ன பிறகுதான் பொருள் விளங்கும். டயரை அப்படி வெட்டிப் பார்த்தவர்கள் நிறைய உள்ள ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு வேண்டுமானால் விலக்கு அளிக்கலாம். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி ஜேகே, சியட் என டயர் ஆலைகள்; இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்; வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசு மையமும் ஒரகடத்தில்தான். டயரும் காரும் சோதனைத் தடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் டயரில் காற்று குறைந்ததைச் சொல்லும் இந்த விளக்கைக் கறாராக எடைபோடுவதே முறை.

எச்சரிக்கை என்பது ஒரு கூற்று. அது உண்மையா, உரிய வேளையில் வருகிறதா, அடுத்து என்ன செய்வது என்பதைக் கேட்டவருக்குப் புரியவைக்கிறதா என்பதே உரைகல். முதல் கேள்வியில் விளக்கு தேறிவிடுகிறது. எரிந்தால் பெரும்பாலும் காற்று குறைந்தே இருக்கும். வேளை விஷயத்தில்தான் வழக்கு தொடங்குகிறது.

அதன் பிறப்பிலேயே அந்தச் சிக்கல் உண்டு. 2000 ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பங்கு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. மேலடுக்கு உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, பலர் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் விளைவே இந்த விளக்கு. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். பரிந்துரைத்த அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் எரிய வேண்டும் என்பது விதி. ஐரோப்பா பின்னர் அதை ஐந்தில் ஒரு பங்காக இறுக்கியது. ஆனால் எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்ததே 26 பி.எஸ்.ஐ.தான், 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். கால் பங்கு கணக்குப்படி அந்த வண்டியில் விளக்கு 20-ஐ ஒட்டித்தான் எரிந்திருக்கும். பரிந்துரை சரியா என்று கேட்கும் அறிவு விளக்குக்கு இல்லை. கதவோரம் ஒட்டிய தாளை அது வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது.

நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். தாளில் 33 என்று இருக்கும் காரில், அமெரிக்க வரம்புப்படி விளக்கு எரிவது ஏறக்குறைய 25-இல். 33-க்கும் 25-க்கும் நடுவே அது மௌனம் காக்கும். டயரின் ஓரங்கள் தேய்வதும், பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கிச் சூடேறுவதும், எரிபொருள் கூடுதலாகச் செலவாவதும் இந்த மௌனப் பகுதியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. விளக்கு எரியவில்லை, ஆகவே காற்று சரியாக இருக்கிறது என்ற முடிவுதான் இந்தக் கருவி வளர்த்துவிட்ட மிகப் பெரிய பிழைவாசிப்பு.

வெயில் அந்தப் பிழையைப் பெருக்குகிறது. தாளில் உள்ள எண், வண்டி ஓடாமல் ஆறிய டயருக்கானது. பெங்களூரு நெடுஞ்சாலையில் மதியம் ஓடி 55 டிகிரிக்குச் சூடேறிய டயரை பெட்ரோல் பங்கில் நிறுத்தி “முப்பத்திமூணு வை தம்பி” என்று அடித்தால், மறுநாள் விடியலில் 28 டிகிரியில் அது 29 ஆக இறங்கியிருக்கும். விளக்கு வாய் திறக்காது. மறுபக்கம், விடிகாலையில் 25-இல் நின்று விளக்கை எரியவைத்த டயர், அதே சூட்டில் 28-ஐத் தாண்டிவிடும், விளக்கும் அணைந்துவிடலாம். ஓட்டுபவர் தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைவார். காலையில் எரிந்து மதியம் அணையும் விளக்கை வாசிக்கத் தெரிந்தவர் அன்றே பஞ்சர் கடைக்குப் போவார். (நைட்ரஜன் அடித்தால் இதெல்லாம் வராது என்பார்கள். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். சூட்டுக்கு அதுவும் விரியும்.)

வழிமுறையில் இரண்டு பள்ளிகள். ஒன்று, வால்வோடு சென்சாரைப் பொருத்தி அழுத்தத்தை நேராக அளப்பது. மற்றது, காற்று இறங்கிய சக்கரம் விட்டம் குறுகிக் கொஞ்சம் வேகமாகச் சுழலும் என்பதை வைத்து, ஏபிஎஸ் சென்சார்கள் வழியாக ஊகிப்பது. பின்னதில் சிக்கனமும் புத்திசாலித்தனமும் உண்டு, சான்றுதான் பலவீனம். நான்கும் ஒருசேர இறங்கினால் பழைய ஊக முறைக்கு ஒப்பிட ஆளில்லை. புதியவை சக்கரத்தின் அதிர்வையும் படிக்கின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தவறான அழுத்தத்தில் ரீசெட் அழுத்திவிட்டால் அந்தத் தவறே அதற்கு அளவுகோல். ஒரு டயரை மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்ற சலுகையை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் தள்ளுபடி செய்தது, சரியான தீர்ப்பு. நேரடி முறைக்கும் வலிகள் உண்டு. சென்சாரின் பேட்டரி தனியே மாற்ற முடியாதது. சில ஆண்டுகளில் சென்சாரையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றுகிறவர் கம்பியை வால்வுப் பக்கம் நுழைத்தால் கதை அன்றே முடிந்தது.

ஒன்றைப் பாராட்டாமல் விட முடியாது: தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் குணம். சென்சார் கெட்டால் விளக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டி, பிறகு நிலையாக எரியும். காற்று குறைந்தால் முதலிலிருந்தே நிலையாக எரியும். எண்ணம் நேர்மையானது, வெளிப்பாடு கோழைத்தனமானது. பெல்ட் மாட்டி, கண்ணாடி திருத்தி முடிப்பதற்குள் அந்தச் சிமிட்டல் ஓய்ந்துவிடும். பிறகு இரண்டு பொருளுக்கும் ஒரே முகம்.

இந்த உறுதியின்மையை மறந்துதான் இந்தியா அதன் தோளில் கூடுதல் சுமை ஏற்றியது. 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்திய மத்திய அரசு, விளக்கைக் கட்டாயமாக்கவில்லை. பொருத்தினால் எந்தத் தரத்தில் என்று வகுத்தது. 3.5 டன்னுக்கு உட்பட்ட காரில் ட்யூப்லெஸ் டயரும், பஞ்சர் அடைக்கும் கிட்டும், இந்தக் கண்காணிப்பும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்றும் சொன்னது. இடமும் எடையும் மிச்சம் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் அறிவிக்கும் கருவியையும் பழுதுபார்க்கும் கருவியையும் கூட்டினால் மாற்றுச் சக்கரம் ஆகிவிடாது. கிட்டில் வரும் பசைகளில் சில அந்தச் சென்சாரையே அடைத்துவிடும் என்பது இந்தக் கூட்டணியின் உள்முரண்.

ஹூண்டாய் ‘ஹைலைன்’ என்று பெயரிட்டு விற்கும் வகை, ஒவ்வொரு டயரின் எண்ணையும் திரையில் காட்டுகிறது. அது தேறுகிறது, ஏனெனில் மௌனப் பகுதி அங்கே இல்லை; 29 என்றால் 29 என்று கண்ணில் படும். விளக்கு மட்டும் உள்ள நேரடி முறை பாதி மதிப்பெண் பெறும். ஊக முறை, கேஜ் ஒன்றைக் கையில் வைத்து விடிகாலையில் அளப்பவரிடம் மட்டுமே பயன்படும். ஸ்டெப்னியை இறக்கிவைக்கும் தகுதி மூன்றுக்குமே இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகையில் கம்பி கிழித்துப் பக்கச்சுவர் பிளந்தால், எந்த டயர் என்பதைக்கூடத் திரை துல்லியமாகச் சொல்லும். கிட்டில் உள்ள பசையோ ஓடுபரப்பில் ஏறிய ஆணித் துளைக்கானது.