வளைந்த முகட்டு வீடு

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மலைக் கிராமங்களில், நிலமும் வயலும் வீடும் தாய்வழியே பெண்மக்களுக்குப் பாத்தியமாய் இறங்க, ஆண்மக்கள் பிழைப்பும் அனுபவமும் தேடித் தேசாந்தரம் புறப்படுவது புராதனச் சம்பிரதாயம். அவ்விதம் நீரிணை கடந்து வந்தோர் குடியேறிய நாடுதான் இன்றைய மலேசியாவின் நெகிரி செம்பிலான்; 1773-இல் பகாருயுங்கிலிருந்து வந்த ராஜா மெலவார் இங்கே அரசரானார்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் பாதையில், ரப்பர் மரங்களின் நிரை முடிந்து கம்பம் எனும் மலாய்க் கிராமம் தொடங்கும் இடங்களில், கால்களின்மேல் உயர்ந்து, இரு கோடியிலும் முகடு மெல்ல மேல்நோக்கி வளைய நிற்கும் அவர்களுடைய மரவீடுகளை நான் எத்தனை முறை பார்த்தும் திருப்தியடைந்ததில்லை. தரையின் ஈரம் தீண்டாமல், அடியில் காற்று உலவ, முன்னே செரம்பி எனும் நீண்ட தாழ்வாரமும் பின்னே அடுக்களையுமாக அவை அமைந்திருக்க, அந்த வளைவோ சுமத்ராவின் கொம்புக் கூரைபோல் ஓங்காமல் அடக்கமாகவே நிற்கிறது. ஆணியின்றி 99 தூண்களில் எழுந்து 1908-இல் நிறைவுற்ற, இந்நாட்டு அரசரின் ஸ்ரீ மெனாந்தி அரண்மனை மகத்தான சிருஷ்டிதான். ஆயினும் என் அபிமானம் இச்சிறு வீடுகளுக்கே.

காரணம் உண்டு. வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையில், கம்பெனியின் லயத்து வரிசை வீடுகளில் தலைமுறைகளைக் கழித்த நம் ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஜனங்களுக்கு அருகிலேயே, குலத்துக்கு வெளியே எளிதில் கைமாறாதபடி 1909-ஆம் ஆண்டின் வழக்காற்று நிலச் சட்டம் பாதுகாத்த பூமியில், ஒரு ஸ்திரீ தன் தாயின் வீட்டைத் தன் மகளுக்கு விட்டுச் செல்ல முடிந்தது.