கேமராவுக்குள் ஒரு ஃபில்டர்: கடலோர அந்தியில் ஓஎம்-1 மார்க் 2

கடலில் சூரியன் மறையும் காட்சியைப் படமெடுப்பவர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் ஒளியின் ஏற்றத்தாழ்வாகும். வானத்துக்கு ஏற்ப ஒளியளவை அமைத்தால் கரையும் பாறையும் கறுத்துப்போகின்றன. கரைக்கு ஏற்ப அமைத்தால் வானம் வெளுத்து, மேகத்தின் மடிப்புகளும் அவற்றில் படிந்த செம்மையும் படத்தில் எஞ்சுவதில்லை. ஒளியளவு இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒரு ‘ஸ்டாப்’ என்று கணக்கிடுவது ஒளிப்படக்கலையின் வழக்கம். அந்திநேரக் கடற்கரையில் வானத்துக்கும் உலர்ந்த பாறைக்கும் உள்ள வேறுபாடு மூன்று ஸ்டாப்பை எளிதில் தாண்டுகிறது. மேற்பாதி சாம்பல் நிறமாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் உள்ள ஒரு கண்ணாடித் தகட்டை லென்ஸின் முன்னே பொருத்தி, வானத்தின் ஒளியை மட்டும் குறைப்பது இதற்குப் பலகாலமாக இருந்துவரும் தீர்வு. ‘கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி’ எனப்படும் இந்தத் தகட்டைப் படக்காரர்கள் சுருக்கமாக ‘ஜிஎன்டி’ என்பர்.

ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021இல் தனி நிறுவனமாகப் பிரிந்த பின் ‘ஓஎம் சிஸ்டம்’ என்னும் பெயரில் கேமராக்கள் வெளிவருகின்றன. அந்த வரிசையில் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஓஎம்-1 மார்க் 2, இந்தக் கண்ணாடித் தகட்டின் வேலையைக் கேமராவின் உள்ளேயே, கணக்கீட்டின் வழியாகச் செய்துமுடிக்க முனைகிறது. ‘லைவ் ஜிஎன்டி’ எனப்படும் இவ்வசதியில், ஒருமுறை பொத்தானை அழுத்தியதும் பல சட்டகங்கள் அடுத்தடுத்துப் பதிவாகி ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இணைப்பின்போது படத்தின் ஒருபுறம் மட்டும் மங்கலாக்கப்படுகிறது. மங்கலின் அளவை ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் என மூன்று நிலைகளிலும், மங்கல் தெளிவாக மாறும் எல்லையை மென்மை, நடுத்தரம், கூர்மை என மூன்று வகைகளிலும் தெரிவு செய்யலாம். விளைவு வ்யூஃபைண்டரில் படமெடுப்பதற்கு முன்பே தெரிவதும், பதப்படுத்தப்படாத ‘ரா’ கோப்பிலும் அது பதிவாவதும் குறிப்பிடத்தக்கவை.

இவ்வசதியைச் சோதிக்கத் தமிழகக் கடற்கரையில் மிகப் பொருத்தமான இடம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையே. கிழக்குக் கரையில் சூரியன் பெரும்பாலும் நிலத்தின் மீதே மறைகிறது. கன்னியாகுமரி முனையிலும் ஆண்டு முழுவதும் கடலில் மறைவதில்லை; சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அது கடலுக்குள் இறங்குவதைக் காணலாம், மே, ஜூன் மாதங்களில் மேற்கே நீளும் நிலப்பகுதி குறுக்கே வந்துவிடுகிறது. அதே மாவட்டத்தின் மேற்குக் கரையிலுள்ள முட்டத்திலோ கரை வடமேற்காகத் திரும்புவதால் எல்லா மாதங்களிலும் கடல்வானம் திறந்தே கிடக்கிறது. கடலுக்குள் நீளும் பாறைகள், குன்றின் மீது கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறையிலிருந்து புறப்படும் வள்ளங்கள், ஈர மணல் ஆகியவை அருகருகே கிடைப்பதால், ஒரு கேமராவின் குறைநிறைகள் அனைத்தும் அங்கே ஒரே மாலையில் வெளிப்பட்டுவிடுகின்றன.

அங்கே காலம் குறைவு என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். சூரிய வட்டத்தின் கோண அளவு அரைப் பாகையளவே. நிலநடுக்கோட்டுக்கு அருகே அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், வட்டத்தின் கீழ்விளிம்பு கடலைத் தொட்டது முதல் மேல்விளிம்பு மறைவது வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம்தான் கிடைக்கிறது. ஆஸ்லோ போன்ற வடகோடி நகரங்களில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இதற்கு இருமடங்கோ அதற்கு மேலோ ஆகும். வளிமண்டலம் ஒளியை வளைப்பதனால் அடிவானத்தில் ஒரு பொருள் அரைப் பாகைக்கும் சற்றுக் கூடுதலாக உயர்ந்து தோன்றுகிறது. ஆகவே வட்டம் கடலைத் தொடுவதாகக் கண்ணுக்குத் தெரியும் கணத்தில் சூரியன் உண்மையில் முழுதாகவே அடிவானத்தின் கீழ் சென்றிருக்கும். வட்டம் நசுங்கி முட்டைவடிவில் தெரிவதும் அந்த வளைவினால்தான். இத்தகைய தோற்றங்களைப் பிடிக்க விரும்புபவருக்கு, பையைத் திறந்து, தகட்டை எடுத்து, சட்டத்தில் செருகி, உயரத்தைச் சரிசெய்யும் நேரம் பெரும் இழப்பாகும்.

இங்கேதான் லைவ் ஜிஎன்டி தன் தகுதியை நிறுவுகிறது. அம்புப் பொத்தான்களால் எல்லைக்கோட்டை மேலும் கீழும் நகர்த்தலாம், சக்கரங்களைச் சுழற்றி அதைச் சாய்க்கலாம். கோட்டை அடிவானத்தின் மேல் பொருத்துவது சில நொடிகளில் முடிகிற வேலை. கடலின் அடிவானம் நேர்கோடாக அமைவதால் கூர்மையான எல்லை கூட அதில் உறுத்தலின்றிப் பொருந்துகிறது. மலைக்காட்சிகளுக்கு இந்த நன்மை கிட்டாது. கண்ணாடித் தகட்டின் பெருந்தொல்லையான பேய்ப்பிம்பம் இதில் முற்றிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூரியனை நேரே நோக்கும் லென்ஸுக்கும் அதன் முன்னுள்ள தகட்டுக்கும் இடையே ஒளி முன்னும் பின்னும் தெறிப்பதால் தோன்றும் அந்தப் பச்சை, செந்நிறப் புள்ளிகள் எத்தனையோ நல்ல படங்களைக் கெடுத்திருக்கின்றன. அலைத்திவலையின் உப்புப் படியும் பரப்பும் ஒன்று குறைகிறது.

எத்தனை ஸ்டாப் தேவை என்பதில் அவசரம் கூடாது. அலை வடிந்த ஈர மணல் வானத்தைப் பிரதிபலிக்கும்போது அதன் ஒளி வானத்தின் ஒளியை விடச் சற்றே குறைவாக இருப்பது இயற்கை. மூன்று ஸ்டாப் நிலையைத் தெரிவு செய்தால் வானம் அதன் பிரதிபலிப்பை விட இருண்டுவிடுகிறது, படத்தைக் காண்பவருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும் காட்சி பொய்யாகத் தோன்றுகிறது. ஈர மணலுக்கு ஒரு ஸ்டாப், அதிகம் போனால் இரண்டு போதும். மூன்று ஸ்டாப்பின் தேவை கரும்பாறைகள் முன்னணியில் நிறையும்போதுதான் எழுகிறது. ஆனால் அதே பாறை உயர்ந்து அடிவானத்தைக் கடக்குமானால் புதிய இடையூறு ஒன்று பிறக்கிறது. முட்டத்தின் பாறைகளை நீர்மட்டத்தின் அருகே தாழ்ந்து நின்று எடுக்கும்போது, பாறையின் கீழ்ப்பகுதியில் நுரை வழியும் ஒவ்வொரு வெடிப்பும் துலக்கமாகத் தெரிய, அடிவானத்துக்கு மேலே எழுந்த பகுதி மட்டும் மையைத் தடவியதுபோல் கறுத்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டிலும் இக்குறை உண்டு எனினும், கணக்கீட்டால் இயங்கும் ஒரு வசதி பொருளின் விளிம்பை அறிந்து விலகிச்செல்லும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். மென்மையான எல்லையைத் தெரிவு செய்து கோட்டைச் சற்று உயர்த்துவதே அப்போதைய வழி.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. சூரியன் மறையும் வேளையில் வானத்தின் மிகப் பிரகாசமான பகுதி உச்சியில் இருப்பதில்லை; அது அடிவானத்தை ஒட்டிய பட்டையில் இருக்கிறது, மேலே செல்லச்செல்ல வானம் மங்குகிறது. ஆகவேதான் கண்ணாடித் தகடுகளில் ‘ரிவர்ஸ் ஜிஎன்டி’ என்றொரு வகை தயாரிக்கப்படுகிறது. நடுக்கோட்டில் மிக அடர்த்தியாகவும் மேல்நோக்கிப் படிப்படியாக மெலிந்தும் அமைந்த அது, கடலோர அந்திக்கென்றே உருவானது எனலாம். ஓஎம்-1 மார்க் 2இல் அந்த வகை இல்லை. மூன்று எல்லை வகைகளிலும் மேல்வானம் முழுவதும் ஒரே அளவில் மங்குவதால், அடிவானப் பட்டையை அடக்க முயன்றால் உச்சியிலுள்ள நீலம் தேவைக்கு மேல் கறுக்கிறது. தகட்டைப் போல் கண்ணாடியை அரைத்துச் செய்ய வேண்டிய பொருளன்று இது, கணக்கின் ஒரு மாற்றமே என்பதால் இந்த விடுபாடு வருத்தமளிக்கிறது. மென்பொருள் மேம்பாட்டில் இதைச் சேர்ப்பதே இக்கேமராவைச் செய்தவர்கள் கடற்கரைப் படக்காரர்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

படம் முழுவதையும் ஒரே அளவில் மங்கலாக்கி, ஷட்டர் நீண்டநேரம் திறந்திருந்ததன் விளைவைத் தரும் ‘லைவ் என்டி’ வசதி முந்தைய மாதிரிகளிலேயே இருந்தது. இதில் அது ஏழு ஸ்டாப் வரை நீள்கிறது. அலை பாறையில் மோதித் திரும்பும் நுரையின் ஓட்டத்தை அரை நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடைப்பட்ட வேகத்தில் எடுத்தால் நீரின் திசை வெண்கோடுகளாகப் பதிகிறது; அதைவிட நீண்டால் நீர் மூடுபனியாகிவிடுகிறது. கேமராவின் உள்ளிருக்கும் அதிர்வுத் தடுப்பு 8.5 ஸ்டாப் வரை ஈடுசெய்யும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. முக்காலியின் கால்கள் ஒவ்வோர் அலைக்கும் ஈர மணலில் புதைந்து சாயும் இடத்தில், மூச்சை அடக்கிக் கையிலேயே அரை நொடிப் படத்தைக் கூர்மையாக எடுக்க முடிவது இக்கேமராவின் உண்மையான வலிமை. எனினும் லைவ் என்டியையும் லைவ் ஜிஎன்டியையும் ஒரே படத்தில் சேர்த்துப் பயன்படுத்த இயலாது. வானத்தை அடக்கவும் அலையை மென்மையாக்கவும் ஒருங்கே விரும்புபவர், ஒரு கண்ணாடி என்டி ஃபில்டரை லென்ஸில் திருகிக்கொண்டு உள்ளே ஜிஎன்டியை இயக்க வேண்டியதாகிறது.

உப்புக்காற்றைத் தாங்கும் திறனில் குறைசொல்ல இடமில்லை. தூசுக்கும் தெறிநீருக்கும் எதிரான ஐபி53 தரச்சான்று இதற்கு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு அதே தரத்திலான லென்ஸ் பொருத்தப்படும்போதுதான் முழுமையடைகிறது, 12-40 மிமீ எஃப் 2.8 புரோ 2 லென்ஸ் அதற்குப் பொருத்தமானது. சான்று தெறிநீரை மட்டுமே குறிக்கிறது, கடல்நீரில் மூழ்குவதை அன்று. காய்ந்த உப்பை உலர்துணியால் தேய்த்தால் படிகங்கள் கண்ணாடியைக் கீறும் என்பதால், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுப்பதே முறை. மின்கலமும் அட்டையும் சேர்ந்து 599 கிராம் எடையுள்ள உடலில் பிடிமானம் ஆழமாக அமைந்திருப்பதால், வழுக்கும் பாறையில் ஒருகையால் பற்றி நிற்பவருக்கும் தயக்கம் எழுவதில்லை.

படத்தரத்தில் சென்சாரின் அளவை மறக்கலாகாது. 20 மெகாபிக்சல் கொண்ட இச்சென்சார், முழுச்சட்டக சென்சாரின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஆகவே இருண்ட பாறைகளைக் கணினியில் வலிந்து வெளுப்பாக்கினால் மணல்மணலான இரைச்சல் விரைவில் தலைகாட்டுகிறது. படமெடுக்கும்போதே வானத்தை அடக்கிவிடும் வசதி இக்கேமராவுக்கு மற்றவற்றை விட முக்கியமாவது இதனால்தான். அந்தியில் சிவப்பு நிறத்தடம் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், மொத்த ஒளியைக் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பாமல் அரை ஸ்டாப் குறைத்தே எடுப்பது பாதுகாப்பானது. தானியங்கி வெண்சமநிலை அந்தியின் செம்மையைப் பிழையென்று கருதித் திருத்த முற்படும் தன்மையது; பகலொளி நிலையில் நிறுத்திவிடுவது நல்லது. சூரியன் மறைந்தபின் 20 நிமிடமளவு நீடிக்கும் அந்தியொளியில், மேகங்களின் அடிப்புறம் சிவக்கும் வேளைக்கே ஜிஎன்டியின் இரண்டு ஸ்டாப் நிலை மிக இயல்பாகப் பொருந்துகிறது. பலர் கேமராவைப் பையில் வைத்துவிடும் அந்த நேரத்தில்தான் சிறந்த நிறங்கள் கிடைக்கின்றன.

அமெரிக்காவில் 2,399 டாலருக்கு அறிமுகமான இக்கேமராவை, 2022இல் வந்த முதல் ஓஎம்-1ஐ வைத்திருப்பவர் இந்த ஒரு வசதிக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை. நல்ல ரிவர்ஸ் ஜிஎன்டி தகடு ஒன்று அவருக்குப் போதும். புதிதாக வாங்குபவரின் நாட்டம் கடற்கரைக் காட்சிகளோடு நிற்குமானால், 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஓஎம்-3 லைவ் ஜிஎன்டியையும் அதே ஐபி53 தரத்தையும் 496 கிராம் எடையில், தொடக்கத்திலேயே 400 டாலர் குறைந்த விலையில் தருகிறது; அதில் ஆழமான கைப்பிடி இல்லை என்பதை மட்டும் கடையில் கையிலெடுத்துப் பார்த்து முடிவுசெய்யலாம். பறவைகளையும் விரைந்தோடும் வள்ளங்களையும் சேர்த்து எடுப்பவருக்கும், வழுக்கும் பாறைகளில் நின்றே பெரும்பாலான படங்களை எடுப்பவருக்கும் ஓஎம்-1 மார்க் 2 தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கது.