உட்கார வைத்த சொல்

ஆங்கிலத்தில் வாய்க்குள் அடங்காத நீளச் சொற்களை மனப்பாடம் செய்து சொல்லிக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ருசி இல்லை. மூன்றே எழுத்தில் முடிந்துபோகும் 'செட்'தான் என் சொல். 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். இதோடு வேறு சொற்கள் ஒட்டி வரும் தொடர்களையும் சேர்த்தால் 580. விளக்கம் ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம்.

எண்ணிக்கையைவிட, அதை அடுக்கிய கைவேலைதான் என்னை மயக்குவது. முதல் பதிப்பு உருவான காலத்தில் வாசகத் தொண்டர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதித் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயின் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே துண்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலையும் காலவாரியாக அடுக்க வேண்டும். 'செட்' அடங்கிய பகுதி ஹென்றி பிராட்லியின் பொறுப்பு. ஷெஃபீல்டில் ஒரு கத்தி வியாபார நிறுவனத்தில் இருபது வருடம் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்துகொண்டே மொழிகளைத் தானாகக் கற்றவர் அவர். இவ்வளவு வளைந்து கொடுக்கும் சொல்லில் ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவதற்கு விதி எதுவும் உதவாது, காதுதான் வேண்டும்.

இத்தனை கிளைக்கும் வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார். 'செட்டன்' என்றால் உட்கார வை. நாம் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை. அமர் என்பதை அமர்த்து என்றும், இரு என்பதை இருத்து என்றும் நாம் வால் சேர்த்து மாற்றுகிறோம். ஆங்கிலமோ நடுவில் இருக்கும் உயிரை மாற்றுகிறது. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. இந்த ஜோடிகள் தெரிந்துவிட்டால் அந்த மொழியின் பாதிப் பிடிவாதம் புரிந்துவிடும்.

உட்கார வைப்பது என்ற அந்த ஒற்றைச் செய்கையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பொருள்களைப் பாருங்கள். மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, அச்சுக்கோப்பது, கண்ணி வைப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது எல்லாம் ஒன்றை அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பதுதான். ஜெல்லியும் சிமெண்டும் இறுகும்போது தாமாகவே உட்கார்ந்துகொள்கின்றன. இரையை மோப்பம் பிடித்ததும் பதுங்கி உட்காரும் வேட்டைநாய்க்கு 'செட்டர்' என்றே பெயர்.

கோழியை முட்டைமேல் வைப்பதற்கும் இதே வினை. நாம் அதை அடைவைப்பது என்கிறோம். கோழி கூட்டில் ஒண்டினால் 'அடைஞ்சிருச்சு'. சூரியன் மேற்கில் இறங்கினாலும் 'பொழுது அடைஞ்சிருச்சு'. ஆங்கிலத்திலும் சூரியன் மறைவது 'செட்'தான். பழைய ஆங்கிலத்தில் அந்திக்கு வழங்கிய ஒரு பெயரைப் பிரித்தால், இருக்கைக்குப் போதல் என்று வரும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், கோழியையும் சூரியனையும் ஒரே வினையால் வீடு சேர்த்திருக்கின்றன. அகராதி புரட்டுவதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று.

இணைச்சொற்களுக்கு வந்தால், 1852இல் வெளியான பீட்டர் மார்க் ராஜெட்டின் தெசாரஸ் கருத்துவாரியாகச் சொற்களைக் கூட்டி நிறுத்தும், வித்தியாசத்தைச் சொல்லாது. அதை நாம்தான் கைப்பழக்கத்தில் பிடிக்க வேண்டும். பையை மேசைமேல் வைத்தால் 'புட்', அவ்வளவுதான். குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினால் 'லே'. பூச்சாடியைச் சாயாமல் நிற்கும்படி வைத்தால் 'செட்'. வைத்தபின் அது எப்படி இருக்கும் என்ற அக்கறை இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு வழி வந்த 'பிளேஸ்' கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட சொல்; பேச்சில் நான் தவிர்ப்பேன்.

பெயர்ச்சொல்லான 'செட்'டின் கதை வேறு. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றுகிறவர்கள் என்பது அதன் மூலப்பொருள். மதப்பிரிவைக் குறிக்கும் 'செக்ட்'டும் அதே வயிற்றுப்பிள்ளை. வினையும் பெயரும் உச்சரிப்பில் ஒன்றாகிவிட, காலப்போக்கில் பொருளும் கலந்துபோயிற்று. கணிதத்தின் கணத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

தமிழ் இரண்டையும் வாங்கிக்கொண்டது. 'நாங்க எல்லாம் ஒரே செட்டு' என்பது லத்தீன் வழி வந்த கூட்டம். 'அவனுக்கும் எனக்கும் செட்டாகாது' என்பது பழைய ஆங்கிலத்தின் உட்காருதல். இருவரும் ஓரிடத்தில் பொருந்தி உட்கார மாட்டார்கள்.

அதிகப் பொருள்கள் கொண்ட சொல் என்று அந்த அகராதியில் 'செட்' வைத்திருந்த முதலிடம் பிறகு பறிபோனது. அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்து திருத்திய 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு முந்திவிட்டது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஓடுகிறது முந்தத்தானே செய்யும்? காலையில் ஓட்டலில் செட் தோசை கேட்கும்போது, இது மதப்பிரிவுக்கு ஒன்றுவிட்ட தம்பியாயிற்றே என்று சிரிப்பு வரும். வடகறி வந்ததும் அதுவும் மறந்துபோகும்.